அம்மா கல்லறையில் ஆறு மெழுகுதிரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அப்பா மறுமணம் செய்து, ஒரு விதவையையும் அவளுடைய ஏழு வயது மகளையும் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா போய் ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. சித்தி குழம்பு வைத்தால் உப்பு இல்லை என்பேன். தலை பின்னிவிட்டால் அவிழ்த்துவிட்டு நானே பின்னிக்கொள்வேன். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளுக்குள் ஒரே பயம்தான். இனி இந்த வீட்டில் எல்லாரும் அம்மாவை மறந்துவிடுவார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. யுத்த காலம், மெழுகுதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு. சித்தி எங்கெங்கோ அலைந்து ஆறு வாங்கி வந்தாள். மூன்று என் அம்மா கல்லறைக்கு, மூன்று சித்தியின் மகளான தங்கச்சியின் அப்பாவுக்கு. அவர் தோணியோடு கடலில் போனவர். உடல் கரை சேரவில்லை. அப்படிப் போனவர்களுக்கு எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில்தான் திரி கொளுத்துவார்கள்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அன்று கப்பல் வந்திருந்ததால் அவர் வரவில்லை. சாயங்காலம் சித்தி சேலை மாற்றுவதற்குள் நான் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். ஆறையும் அம்மா தலைமாட்டில் நட்டுக் கொளுத்தினேன். அந்த வரிசையில் வேறு எந்தக் கல்லறைக்கும் அவ்வளவு வெளிச்சம் இல்லை. எனக்கு ஒரே பெருமை.

பின்னாலேயே இருவரும் வந்தார்கள். தங்கச்சி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“எங்கப்பாவுக்கு ஒன்னுகூட இல்லியா?”

சித்தி மூன்றைப் பிடுங்குவாள், பிடுங்கட்டும், கத்தி ஊரைக் கூட்டிவிடலாம் என்று நான் தயாராக நின்றேன். அவளோ முக்காட்டை இழுத்துவிட்டு ஈர மணலில் முழங்காலிட்டாள். கல்லைத் தடவிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி என் அம்மாவிடம் பேசினாள்.

“அக்கா, இவ அப்பா எங்கன கெடக்காருன்னு எனக்குத் தெரியல. இன்னைக்கு ஒங்க பக்கத்துல அவருக்குக் கொஞ்சம் எடம் குடுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏளா, நீ செபத்த ஆரம்பி. ஒங்கம்மாவுக்கு ஒன் குரல்தான தெரியும்.”

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளைப் போல ஒரு மனுஷியை அதுவரை நான் பார்த்ததில்லை. பிறகும் அதிகம் பார்க்கவில்லை. செபம் முடிவதற்குள் காற்றில் ஒரு திரி அணைந்தது. அதைப் பிடுங்கித் தங்கச்சி கையில் கொடுத்துக் கொளுத்தச் சொன்னேன்.

“கல்லுல எங்கப்பா பேரு இல்லியே?” என்றாள்.

“பேரு எதுக்கு? எங்கம்மா விசாரிச்சு வச்சுக்கிடுவா.”

அடுத்த வருஷமும் சித்தி ஆறு வாங்கினாள். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மூன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு சிலுவையடிக்கு நடந்தாள். நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அங்கன எதுக்குப் போறீய? அவரு இங்கனல்லா இருக்காரு.”