ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காரணம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவின் கடைசியில் நலச்சங்கக் கட்டடம் இருக்கிறது. மேலே கூட்டம் நடத்த ஒரு ஹால், கீழே இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகள்தான் பொது நூலகம். நடத்துவது சங்கம் என்றாலும் யார் வேண்டுமானாலும் வரலாம். நூலகர், உதவியாளர், பெருக்குகிறவர், காவலாளி என்று நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை அங்கே கிருபா ஒருத்தியே இருபது வருஷத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறாள். ‘ஃபேனைக் கூட்டுங்க மேடம்’ என்கிறவருக்கும் ‘குறைங்க மேடம்’ என்கிறவருக்கும் நடுவில் நின்று சிரிப்பதும் அவள் வேலைதான். அதற்குத் தனி ஆளா போடுவார்கள்!

வீடு முடிச்சூரில். அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து மேற்குத் தாம்பரம், படியேறி இறங்கி ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்குத் தாம்பரம், அங்கே இன்னொரு பஸ். வயது ஐம்பத்தேழு. முழங்கால் இரண்டும் அவளைவிட மூத்தவை.

இத்தனை வருஷத்தில் அந்த நூலகத்துக்கு எழுதி வைத்த விதிமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. கிருபா வாயால் சொன்னதுதான் சட்டம். சுடோக்குவைப் பேனாவால் போடக்கூடாது. ‘மணமகள் தேவை’ பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகக்கூடாது. நாற்காலியில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர், டீ ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சண்டை வந்தால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பாள், சண்டை அடங்கிவிடும். யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

மதியழகன் செயலாளராக வந்த பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. நல்ல மனுஷர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் முப்பது வருஷம் பெரிய கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். பாலிசி என்ற சொல் வாயில் வராமல் அவரால் காப்பிகூடக் குடிக்க முடியாது.

“எழுத்துல இல்லாத ரூல் ரூலே இல்ல மேடம்,” என்றார். “நாளைக்கே நீங்க ரிடையர் ஆயிட்டா அடுத்து வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களே ஒரு டிராஃப்ட் போடுங்க. இந்தப் பக்கம் விதி, அந்தப் பக்கம் காரணம். காரணம் இல்லாம ஒரு விதியும் வேணாம். சனிக்கிழமை வாசகர்களையும் கூப்பிட்டு ஒண்ணொண்ணாப் பேசி முடிச்சிடுவோம்.”

ஆக, சம்பளம் கூட்டவில்லை, ஆள் போடவில்லை, எழுத்து வேலை மட்டும் கூடுதலாக வந்தது. சரி சார் என்று வாங்கிக்கொண்டாள். சரி சார் என்பது கிருபாவுக்கு மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும்.

இரவு சாப்பாடு முடித்து, கணவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதினாள். செருப்பை வெளியே விடவேண்டும், காரணம்: சத்தம், மண். செல்போன் சார்ஜ் போடக்கூடாது, காரணம்: பழைய வயரிங், சூடாகிறது. மளமளவென்று வந்தது. விடுமுறை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அரசாங்க நூலகங்களுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. அதைப் பார்த்துச் சங்கமும் வெள்ளிக்கிழமையையே வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நூலகம் உண்டு. சேர்ந்த புதிதில் கிருபா இதைப் பெரிதாக நினைக்கவில்லை. சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தாள். கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது பாடட்டும் என்று விட்டாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. கிறிஸ்மஸ், நல்ல வெள்ளி, ஈஸ்டருக்குத் தலையைக் காட்டுவதோடு சரி. ‘என்னம்மா, புதுசா வந்திருக்கீங்களா?’ என்று ஒரு இளம்பெண் அவளையே ஒரு ஈஸ்டரில் கேட்டாள். சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று போட்டாள்.

வெள்ளிக்கிழமைதான் ஓய்வு இருக்கிறதே என்பார்கள். என்ன ஓய்வு? ஊரே வேலைக்குப் போகிற நாள் அது. பேங்க், ரேஷன், வாரத் துணி, கணவரை ஆட்டோவில் வைத்து பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அன்றைக்குத்தான். சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போய் நாற்காலியில் உட்காரும்போதுதான் அப்பாடா என்றிருக்கும்.

கணவர் சுவிசேஷமுத்து, துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். ஞாயிறு தவறாமல் தனியாகவே சர்ச்சுக்குப் போய்வந்த மனுஷர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் வாயின் ஒரு பக்கமும் போயின. அதிலிருந்து போவதில்லை. அடுத்த வீட்டு ஜெபகுமார் கார் வைத்திருக்கிறான். “வாங்க அங்கிள், நான் கூட்டிட்டுப் போறேன்,” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான். “கிருபா இல்லாம நான் எங்க வர்றது?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த ஒரு வாக்கியம் கிருபாவுக்குள் முள்ளாகக் கிடந்தது. தன்னால்தானே இந்த மனுஷன் வீட்டில் அடைந்து கிடக்கிறார்? அன்றிரவு முதல்முறையாகத் துணிந்து எழுதினாள்: வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. காரணம் என்ற இடத்தில் முதலில் ‘ஆராதனை’ என்று எழுதி, உடனே அடித்தாள். சங்கத் தலைவர் கதிரேசன் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு உங்களுக்குச் சர்ச் என்றால் நாளைக்கு இன்னொருத்தர் திருநீர்மலைக் கோயிலுக்கு லீவு கேட்பார், அதற்கு முடிவே இருக்காது என்பார். சொன்னால் நியாயம்தான். அதனால் ‘நூலகரின் கணவரது உடல்நிலை’ என்று எழுதினாள்.

“சனிக்கிழமை மீட்டிங்குக்கு நீங்களும் வாங்க. சும்மா வந்து உக்காந்தா போதும். உங்களைப் பார்த்தா அவங்களுக்கே புரியும்,” என்றாள். அவர் ‘உம்’ என்றார். அவருக்கு என்ன தோன்றுகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கீழறையிலேயே மேசைகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெபகுமார் சுவிசேஷமுத்துவைக் காரில் கொண்டுவந்து கதவோரம் உட்கார வைத்தான். செருப்பு விதிக்கே பெரிய ரகளை. போன மாதம் செருப்பு தொலைத்த ஒருவர் எழுந்து, சங்கம் பொறுப்பேற்குமா என்று கேட்டு உயிரை வாங்கிவிட்டார். சார்ஜர், சுடோக்கு எல்லாம் ஒருவழியாகத் தாண்டி விடுமுறைக்கு வந்தபோது மதியழகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மஹாலட்சுமி. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், அம்மா மீன் விற்கிறாள். இவள் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிறாள், இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஞாயிறு காலை கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பாள், பூட்டும்போது கடைசி ஆளாகப் போவாள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

“மேடம், கோச்சிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வுட்டா எனுக்கு வேற நாளே இல்ல. ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல ஆறு பேரு கீறோம். எங்க குந்திகினு படிக்கிறது? ரெண்டு தபா எழுதி ரெண்டு தபாவும் கொஞ்சத்துல போச்சு. இந்த வாட்டியும் வுட்டேன்னா அவ்ளோதான், வூட்ல கல்யாணத்தப் பண்ணி அனுப்பிடுவாங்கோ.”

கிருபாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. தன் ஞாயிறு வேண்டுமென்றால் இவளுடைய ஞாயிற்றைப் பிடுங்க வேண்டும். இது என்ன கொடுமை!

கதிரேசன் நிதானமாகப் பேசினார். “அதில்லம்மா, மேடம் வீட்டு நிலைமையையும் பார்க்கணும்ல. சார் இங்கதான் உக்காந்திருக்காரு. சொல்லுங்க சார், ஞாயித்துக்கிழமை மேடம் வீட்ல இருந்தா உங்களுக்கு உதவியாத்தானே இருக்கும்?”

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். சுவிசேஷமுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சொற்கள் குழறித்தான் வந்தன, ஆனால் எல்லோருக்கும் விளங்கின.

“வேணாம் சார். தொறந்தே இருக்கட்டும். எனக்காக ஒண்ணும் மூட வேணாம்.”

கிருபாவுக்கு முதுகில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

“அப்ப சரி,” என்றார் கதிரேசன், பாரம் இறங்கிய முகத்தோடு. “சாரே வேணாம்னு சொல்லிட்டாரு. பழையபடி வெள்ளிக்கிழமைன்னே போட்டுக்கலாமா மேடம்?”

சரி சார் என்று அவள் வாய் திறந்தது. உள்ளேயிருந்து அந்தச் சொல் வரவில்லை. வேறொன்று வந்தது.

“அவருக்காகன்னு எழுதினது பொய் சார். எனக்குத்தான் வேணும்.”

“உங்களுக்கா? உங்களுக்கு என்ன காரணம் மேடம்?” மதியழகன் பேனாவை எடுத்தார்.

“களைப்பு சார். களைப்புன்னு எழுதுங்க.”

கதிரேசன் சங்கடமாகச் சிரித்தார். “அதை எப்படிம்மா பாலிசில எழுதுறது?”

“செருப்பு சத்தம் போடுதுன்னு எழுதுறீங்க. வயர் சூடாகுதுன்னு எழுதுறீங்க. எனக்கு முடியலைன்னு மட்டும் எழுதக்கூடாதா? ஊர் உலகமே உக்கார்ற அன்னிக்கு நானும் உக்காரணும் சார். யாரும் சாவி கேக்காத இடத்துல ஒரு காலை நேரமாவது உக்காரணும். இருபது வருஷமா இதைக் கேக்க வெக்கப்பட்டேன். சாமி பேரைச் சொல்லப் பயந்து புருஷன் பேரைச் சொன்னேன். என் பேரைச் சொல்லிக் கேக்கத் தெரியல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மஹாலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். “இன்னா மேடம், ஒரு வார்த்தை சொன்னதே இல்லியே நீங்க... எனுக்கு மத்தியானத்துக்கு மேல தொறந்தா போதும் மேடம். காலைல துணி தொவைச்சிக்கிறேன்.”

போதாது என்று அவள் குரலிலேயே தெரிந்தது. அங்கே இருந்தவர்களில் அது காதில் விழுந்தது கிருபாவுக்கு மட்டும்தான். ஆனாலும் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் எட்டு மணி வரை என்று முடிவாயிற்று. வெள்ளி விடுமுறை அப்படியே. கிருபா எட்டிப் பார்த்தாள். காரணம் என்ற இடத்தில் மதியழகன் ‘நிர்வாக வசதி’ என்று எழுதிக்கொண்டிருந்தார். போகட்டும், அவருக்கு அவ்வளவுதான் வரும் என்று விட்டுவிட்டாள்.

ஜெபகுமாரின் காரில் திரும்பினார்கள். பெருங்களத்தூர் தாண்டியதும் சுவிசேஷமுத்துவே ஆரம்பித்தார்.

“சர்ச்சுக்குப் போனா என்ன நடக்கும் தெரியுமா? ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் என்னைச் சுத்தி நிப்பாங்க. தோள்ல கை வச்சு ஜெபம் பண்ணுவாங்க. வாயில ஒழுகுறதப் பார்ப்பாங்க. எனக்கு அது வேணாம் கிருபா. நீ இல்லேன்னு சாக்கு சொல்லிட்டு இருந்தேன். அந்தச் சாக்கும் போயிடுமோன்னு பயந்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“நீ மட்டும் சொன்னியா, முடியலைன்னு?”

ஜெபகுமார் ரோட்டையே பார்த்து ஓட்டினான். பாவம், அவனும் எத்தனையைத்தான் காதில் வாங்காத மாதிரி நடிப்பான்.

“நீங்க வர வேணாம். நான் மட்டும் போறேன்,” என்றாள் கிருபா. “என்னை எட்டரைக்குக் கூட்டிட்டுப் போறியாப்பா?” என்று ஜெபகுமாரிடம் கேட்டாள். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு. சனிக்கிழமை இரவே பட்டுப்புடவையை எடுத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள், பைபிளும் பாட்டுப் புத்தகமும் அதன்மேல். காலை ஐந்துக்கு விழிப்பு வந்தது, வழக்கம்போல. இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் என்று கண்ணை மூடினாள்.

மறுபடி கண் திறந்தபோது ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்தது. வெளிக்கதவு சாத்தியிருந்தது. சுவிசேஷமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புடவையும் பைபிளும் அவர் மடியில் இருந்தன. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

“ஐயோ! ஜெபகுமார் வரலையா?”

“வந்தான். நீ தூங்குறன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

கிருபா எழுந்து உட்கார்ந்தாள். இருபது வருஷம் ஏங்கி, இல்லாத காரணத்தையெல்லாம் சொல்லி, ஒரு பெண்ணின் பாதி நாளைப் பறித்து வாங்கின காலை. அதைத் தூங்கியே தீர்த்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே ஒரு பெரிய கொட்டாவியும் வந்தது. உடம்பில் எங்கேயும் வலி இல்லை. கடைசியாக எப்போது இப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டு மணிக்கு நூலகம் திறக்க வேண்டும். ஒரு மணி பஸ்ஸையாவது பிடித்தாக வேண்டும்.

“அடுத்த வாரம் எழுப்புங்க,” என்றாள்.

“எழுப்ப மாட்டேன்,” என்றார் அவர்.