எலி மருந்தும் ஒன்றாம் அட்டவணையும்

உரக்கடையில் நிற்கிறவன் தூக்கம் கெடுவதற்குப் பூச்சி வேண்டாம், மருந்து வாங்க வருகிறவர் முகமே போதும். கடை கண்ணியில் நிற்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

சுவரில் ஒட்டிய தாள்

சங்கரன்கோவிலில் எங்கள் கடைச் சுவரில் வனத்துறைக்காரர் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். வனவிலங்குச் சட்டப்படி மயில், நட்சத்திர ஆமை, உடும்பு ஒன்றாம் அட்டவணை. புள்ளிமான், காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை. ஒன்றாவதில் கைவைத்தால் ஜெயில்தான். எலி எதிலும் இல்லை.

மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் அதை நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்: "பாம்பு, தேளு வீட்டுக்குள்ள வராம இருக்க கோயில்ல அதுக உருவம் வாங்கி உண்டியல்ல போடுதோம். மயிலு வயலுக்கு வராம இருக்க அங்கன மயில் உருவம் விக்காவளா வே?"

எதுக்கு அண்ணாச்சி?

பக்கத்து ஊரில் ஒருவர் விஷம் கலந்த சோளத்தை வரப்பில் போட, மூன்று மயில் செத்தது. ஆளைப் பிடித்துப் போய்விட்டார்கள். எந்தக் கடையில் வாங்கினாய் என்றுதான் முதலில் கேட்டார்களாம். நல்லவேளை, எங்கள் கடை இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து யார் எலி மருந்து கேட்டாலும் லேசில் விடமாட்டேன். எதுக்கு, எங்கன வைப்பீய, அந்தப் பக்கம் மயில் வருமா என்று குடைந்துவிடுவேன்.

சிவகிரிக்காரர் ஒருவர் வெறுத்தே போனார்: "பொண்ணு கேட்டுப் போனப்பகூட எங்கிட்ட இவ்வளவு விசாரிக்கல வே!"

ரேக்கில் இருந்தது

செல்லையா அண்ணாச்சிக்குப் பனவடலிசத்திரம். விதைத்த மக்காச்சோளத்தை மயில் கிண்டித் தின்கிறதென்று ஒருநாள் கடையில் நின்று கத்து கத்தென்று கத்தினார். அடுத்த வாரமே வந்து, மெதுவாக எலி மருந்து கேட்டார். எனக்குப் பகீரென்றது. விசாரிக்கக்கூட இல்லை, ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டேன். பெட்டிகள் என் தலைக்குப் பின்னாலேயே ரேக்கில் அடுக்கியிருந்தன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி வே, இல்லன்னா இல்ல."

சாக்கு

அப்புறம் பத்து நாளும் பேப்பரைப் பிரிக்கவே பயம். மயில் செத்த செய்தி வந்துவிடுமோ, வேறு கடையில் வாங்கியிருப்பாரோ என்று ஒரே படபடப்பு. பதினோராம் நாள் அவரே வந்து கவுண்டரில் ஒரு சாக்கை விரித்தார். அடியெல்லாம் ஓட்டை. உள்ளே கொஞ்சம் உளுந்தம் பொட்டுத் தோலும் எலிப் புழுக்கையும்தான் கிடந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"விதைக்கு வச்சிருந்த உளுந்து பூராம் போச்சு வே. மயில வாயால ஏசுவேன், அதுக்காவ விஷம் வைப்பனா? அது தின்னட்டும்னு ஓரத்துல ரெண்டு சால் மக்காச்சோளம் சேத்துல்லா விதைச்சிருக்கேன்!"

எந்த உயிர் எந்த அட்டவணையில் என்று இப்போது தலைகீழாகச் சொல்வேன், எதிரே நிற்கிற மனுஷனைத்தான் இன்னும் பயந்து பயந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.