இரண்டு சபை மயிலம்மாள்

மிஷன் கோயிலின் ஞாயிறு எட்டு மணி ஆராதனையில் கடைசிப் பாட்டு தொடங்கும்போதே மயிலம்மாள் எழுந்து செருப்பைத் தேடுவாள். சூரமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி அரை மைல் நடந்தால் இன்னொரு சபையின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அங்கே பத்து மணிக்கு ஜெபம். கோயிலில் மூத்த மகன் வேதமணி கமிட்டிச் செயலாளர். கொட்டகையில் இளையவன் யோபு கஞ்சிரா அடிக்கிறான்.

மற்ற ஆறு நாளும் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல்களில் கீரை விற்கிறாள். எழுத்துத் தெரியாது. திருவிருந்து அப்பம் இரண்டு இடத்திலும் கிடையாது. கொட்டகைக்குப் போகிறாள் என்று கோயிலில் பேரை அடித்துவிட்டார்கள். தண்ணீரில் மூழ்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்று கொட்டகையில் அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகும்.

கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா என்பதுதான் சண்டை. வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று வேதத்தில் இருந்தால் குழந்தையும் சேர்த்திதான் என்பான் மூத்தவன். நம்பினவனுக்குத்தான் முழுக்கு, குழந்தை எதை நம்பும் என்பான் இளையவன். இருவரும் வேதத்தில் ஒரே பக்கத்தைத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினார்கள்.

"ஒரே எழுத்தப் பாத்துட்டு ஆளுக்கொண்ணு சொல்றீங்களே சாமி" என்றாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் யோபுவுக்குப் பிறந்த பெண் குழந்தைக்குப் பத்தாம் நாள் ஜன்னி கண்டது. கோயில் போதகர் ஞானஸ்நானம் கொடுக்க ஓடி வந்தார். யோபு அவரை வாசலோடு திருப்பி அனுப்பினான். மறுநாள் குழந்தை போய்விட்டது. கொட்டகைக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை. மயிலம்மாள் மூத்தவனிடம் போய்க் கோயில் தோட்டத்தில் ஒரு முழம் இடம் கேட்டாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சபைச் சட்டத்தில் இடமில்லை என்றான் வேதமணி.

"பதினோரு நாள் புள்ள சாமி. அது எந்த வசனத்த மறுத்துச்சு?"

தண்டவாளத்துக்கு அப்பால், ஓடைக்கரையில், கேட்மேன் ரங்கன் குழி வெட்டினார். மயிலம்மாளே பிள்ளையை இறக்கி வைத்தாள். அதன் பிறகு எந்த மகன் வீட்டிலும் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

அப்புறமும் எதற்கு இரண்டு இடத்துக்கும் போகிறாய் என்று ரங்கன் ஒருநாள் கேட்டார்.

"ஆண்டவரு எங்க இருக்காருன்னு தெரியலீங்களே. நான் ஒரு எடத்துக்குப் போயி, அவரு இன்னொரு எடத்துல இருந்துட்டா என்னங்க பண்றது?"

இந்த ஜனவரியில் இரண்டு சபையும் பள்ளிக்கூட மைதானத்தில் ஐக்கிய ஆராதனை நடத்தின. முடிவில் எல்லாரும் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் கோயில் போதகர். மயிலம்மாளுக்கு வலப்பக்கமிருந்து வேதமணி கையை நீட்டினான். இடப்பக்கமிருந்து யோபு நீட்டினான். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.