குனிந்த தலைக்குப் பின்னால்

"தாதா, ஷட்டில் வரும்போதெல்லாம் யாருக்குப் பிரணாம் பண்றீங்க?"

மூன்று வாரத்துக்கு முன்னால், ஆட்டத்தின் நடுவில், மௌசுமி என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டது வங்காள மொழியில்; தாதா என்றால் அண்ணன், பிரணாம் என்றால் குனிந்து கும்பிடுவது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்புக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மௌசுமி எங்கள் பாலிகஞ்ச் ஃப்ளாட்டில் மேல்மாடிக்காரர். பள்ளிக்கூட டீச்சர். கல்கத்தாவில் குளிர் வந்தால் மங்கி கேப்பும் பாட்மிண்டன் மட்டையும் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிடும். எங்கள் சந்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஜன்னல் கம்பிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே வலை கட்டி, ஞாயிறு காலையில் ஆடுவோம். ஜனவரியில் ஒரு போட்டியும் உண்டு.

இந்த வருஷம் இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு ஜோடி மௌசுமிதான். வலைக்குப் பக்கத்தில் அவர், பின்னால் நான். தலைக்கு மேலே உயரமாக வரும் ஷட்டிலைப் பின்னால் நிற்கிறவன்தானே அடிக்க வேண்டும்? நான் அடிப்பதில்லை. குனிகிறேன். அது என்னைத் தாண்டிப் போய் 'டப்' என்று விழுகிறது. பாயிண்ட் போகிறது.

காரணம் சண்முகவேல்.

அலிப்பூரில் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தவர். பாளையங்கோட்டைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். ஏழு குளிர்காலம் நாங்கள்தான் ஜோடி — முன்னால் நான், பின்னால் அவர். ஷட்டில் மேலே எழும்பியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும்: "குனியும் வே!" குனிவேன். என் தலைக்கு ஒரு சாண் மேலே மட்டை விசுக்கென்று போகும். அடி விழுந்த இடத்தில் தூசி பறக்கும்.

அவர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாரா என்று ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படி நம்பி முதுகைக் காட்டி நிற்க ஒரு ஆள்… உங்களுக்கு வாய்த்திருக்கிறாரா?

போன மழைக்காலத்தில் அவரை நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள்.

என் மூளை பாவம். அதற்கு யாரும் டிரான்ஸ்ஃபர் ஆர்டரைக் காட்டவில்லை.

கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற ஆள் நான், வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தப்புச் செய்த மறுகணமே, "ஐயையோ" என்று நாம் உணர்வதற்குள்ளேயே, மூளை அதைக் கண்டுபிடித்துவிடுமாம். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று உள்ளே ஒரு சின்ன அதிர்வு. அதன் பிறகு கை கால் கொஞ்சம் நிதானிக்கும், அடுத்த தடவைக்கு உஷாராகும். தப்பை உதறிவிட்டுப் போகாமல் உற்றுக் கவனிக்கிறவர்கள் சீக்கிரம் திருத்திக்கொள்கிறார்களாம்.

நானும் கவனித்தேன். திருத்திக்கொள்வதற்காக அல்ல.

குனிவதற்கும் ஷட்டில் தரையில் விழுவதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது. அந்த ஒரு நொடி சண்முகவேல் என் பின்னால் இருக்கிறார். ஓடி வருகிறார், கையை ஓங்குகிறார்…

'டப்.'

இல்லை. நாக்பூரில் இருக்கிறார்.

அந்த நொடிக்காக எத்தனை பாயிண்ட் வேண்டுமானாலும் கொடுக்க நான் தயார். ஆனால் பாயிண்ட் என் ஒருவனுடையதா என்ன?

"தாதா, நாலு வருஷமா முதல் ரவுண்டுலயே வெளியே போறேன்" என்றார் மௌசுமி. "என் கிளாஸ் பசங்களே கேக்குதுங்க, மிஸ் எப்பதான் ஜெயிப்பீங்கன்னு. இந்த வருஷம் ஒரு மேட்சாவது ஜெயிக்கணும். உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்லை தாதா. நீங்கதான் பின்னாடி!"

டீச்சர் இல்லையா… போர்டில் எழுதி அடிக்கோடு போட்ட மாதிரி சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பாதிதான் குனிந்தேன். அதற்கடுத்த ஞாயிறு தோள் மட்டும் லேசாக இறங்கியது. மூளை தன்பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அந்த ஒரு நொடி அரை நொடியானது. கால் நொடியானது. 'கொஞ்சம் மெதுவாகத்தான் கற்றுக்கொள்ளேன்' என்று யாராவது தன் மூளையிடம் கெஞ்சியிருப்பார்களா? நான் கெஞ்சினேன்.

போன ஞாயிறு போட்டி. முதல் ரவுண்ட், கடைசிப் பாயிண்ட். ஷட்டில் நன்றாக உயரத்தில் எழும்பியது.

நான் குனியவில்லை.

கை தானாக மேலே போனது. அடித்த அடி எதிர்ப்பக்கத்து மூலையில் போய் விழுந்தது. மௌசுமி வலையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "தாருண், தாதா! தாருண்!" பிரமாதமாம். சந்து முழுக்கக் கைதட்டல்.

நான் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு சுவர். அதன் மேல் யாரோ வெயிலில் காயப்போட்டிருந்த ரஜாய், பஞ்சு வைத்த குளிர்ப் போர்வை.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள். ஜனவரி மாதத்தில்!

அன்று சாயங்காலம் நாக்பூருக்கு போன் போட்டேன்.

"என்ன வே, எப்படி இருக்கீரு?"

"இருக்கேன்யா. அங்கே ஆட்டம் உண்டா?"

"எங்க வே! ஒருத்தனும் குனிய மாட்டேங்கான். நான் 'குனியும்'னு கத்துதேன், கூட ஆடுற மராட்டிக்காரன் என்னன்னு திரும்பிப் பார்க்கான். போன வாரம் மட்டை அவன் காதை உரசிட்டுப் போயிட்டு. இனிமே எங்கூட ஆடவே மாட்டானாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நீரு… இன்னும் குனியுதீரா வே?"

"குனியாம? இன்னைக்குக்கூட குனிஞ்சேன்யா. மேட்சே போச்சு. அந்தம்மா என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க."

"அப்படிப் போடும்!" என்றார் சண்முகவேல். அந்தக் கத்தலில் போனே அதிர்ந்தது.

நாக்பூர் வாசகர்களே… இந்த வார இதழ் மட்டும் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.