சத்தம் வரக்கூடாது

நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன். நான் பொய் சொன்னாலும் என் வலது உள்ளங்கை சொல்லாது.

ஹட்சன் ஆற்றை ஒட்டிய பழைய கல்வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது நாள். மகள் ஹெஸ்டருக்கு நான்கு மாதம். வயிற்றுவலி. இரவெல்லாம் அழுகை.

"உன் பொண்ணு தொண்டையில ரயில் சங்கு வச்சிருக்காடி," என்றான் என் கணவன் கேரட், தலையணைக்குள்ளிருந்து.

"என் பொண்ணு மட்டுமா? துரை எழுந்திரிச்சுத் தூக்க மாட்டீங்களோ?"

துரை குறட்டை விட்டார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்தேன். மணி 3.40. இந்த அழுகை எப்படியாவது நின்றால் போதும் என்று நினைத்தேன். எப்படியாவது... அந்தச் சொல்லையும் சேர்த்தேதான் நினைத்தேன்.

3.52. வாசலில் எங்கள் நாய் பார்லி ஒருமுறை குரைத்தது. பாதியில் அறுந்தது.

பிறகு காலடிகள். துணி சுற்றிய கால்கள் போல... மெத்து மெத்தென்று... வீட்டுக்குப் பின்னால் பழைய கோட்டை இருந்த மேட்டை நோக்கி.

ஜன்னலில் பார்த்தேன். பனி. ஆளில்லை. புல் மட்டும் மிதிபட்டு மடங்கிக்கொண்டே போனது.

ஹெஸ்டர் வீறிட்டாள்.

காலடிகள் நின்றன. அத்தனையும். ஒரே நேரத்தில்.

காதருகே ஓர் ஆண்குரல். மிகப் பணிவாக.

"அம்மா... நீங்க அமுக்குறீங்களா? நாங்க அமுக்கட்டுமா?"

என் கை எழுந்தது. தானாக... என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

வாயை மூடியது.

மூக்கையும்.

3.57.

அழுகை நின்றது.

சுருக்கென்று ஒரு கடி. கையை உதறி அலறினேன். கேரட் ஓடிவந்து குழந்தையைப் பறித்தான். நீலம் பாய்ந்த முகம்... பிறகு, மூச்சு.

"என்னடி பண்ணின?"

வாசற்படியில் பார்லி செத்துக் கிடந்தது. ஒரு காயம் இல்லை.

ஊர்த் தேவாலயத்துப் பதிவேட்டில் பின்னர் படித்தேன். 1779, அமெரிக்க விடுதலைப் போர். பிரிட்டிஷ் கோட்டையைத் தூக்கத்திலேயே பிடிக்க எங்கள் படை இந்த வழியாகப் போனது. குரைக்கக்கூடாதென்று வழியெங்கும் நாய்களைக் குத்திக் கொன்றார்கள். இந்த வீட்டில் ஓர் எட்டு மாதக் குழந்தை அழுதது. வாயைப் பொத்தியவள் பெற்றவளேதான். அது செத்துவிட்டதென்று தெரிந்ததும் அவள் போட்ட அலறலில் கோட்டை விழித்துக்கொண்டது. விடிவதற்குள் அறுபத்து மூன்று பிணங்கள்.

கேரட் இப்போது குழந்தையை என்னிடம் தனியாக விடுவதில்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

என் உள்ளங்கையில் இரண்டு சின்னப் பல்தடங்கள் இன்னும் ஆறவில்லை.

ஹெஸ்டருக்கு அன்று ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை.