நாமம் போடாத கம்ப்யூட்டர்

நான் கல்லூரி முடித்த வருடம் அது. ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில், படித்தவர்கள் எல்லாரும் ஒரு பையை மாட்டிக்கொண்டு பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போக மனமில்லை. ஊர்ப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாஸ்டல் சாம்பாரும் பாத்ரூம் வரிசையும் கல்லூரியிலேயே அலுத்துவிட்டன.

வீடு, நாற்காலி, கார் என்று எதையும் நிஜம்போலவே கம்ப்யூட்டரில் உருவாக்கும் வேலையைக் கற்றிருந்தேன். அதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு ஹைதராபாத் கம்பெனி சொன்னது. ஆனால், அவர்கள் தந்த சோதனை வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அனுப்ப வேண்டும். அதற்கு வலுவான கம்ப்யூட்டர் தேவை.

"கேமிங் லேப்டாப் வாங்கிக்க. வேலை கெடைக்கலைன்னா அப்பிடியே தூக்கிக்கினு இங்க வந்துடு" என்றார் பெங்களூரில் இருக்கும் சித்தப்பா. எனக்குப் பிடிக்காதது அந்தத் 'தூக்கிக்கினு'தான். தூக்கிப்போகிற மாதிரி ஒன்றை வாங்கினால், ஒருநாள் போகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கோ 'கேமிங்' என்ற சொல்லே ஆகவில்லை. "ஆடறதுக்கா வேலைக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உதிரி பாகங்களை வாங்கி நானே டெஸ்க்டாப் பூட்டுகிறேன் என்று பிடித்த பிடியில் நின்றேன். அதே விலைக்கு இன்னும் வலுவாக இருக்கும், ஏதாவது கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். "புத்தூர் கட்டு போட்ட கம்ப்யூட்டரா?" என்று சித்தப்பா போனில் சிரித்தார். சின்ன வயதில் அவர் கை ஒடிந்தபோது அந்தக் கட்டுதான் சேர்த்து வைத்தது என்பதை மறந்துவிட்டார்.

நைனாவும் நானும் திருப்பதியில் எல்லாவற்றையும் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். திரை ஒளிர்ந்ததும் நைனா எழுந்து நின்றே விட்டார். ஆனால் வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்தில் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது.

சித்தப்பாவிடம் சொன்னால், "திருப்பதிக்காரன் உனுக்கு நல்லா நாமம் போட்டுட்டான்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுது முடித்து, சூடுதான் காரணமாக இருக்கும் என்று போனில் படித்துவிட்டு, பெட்டியைத் திறந்தேன். முக்கியமான சிப்பின் மேல் ஒரு விசிறி உட்காரும். அதன் அடியில் சூட்டைக் கடத்தும் பசையைக் கம்பெனியே தடவி அனுப்பும். அந்த நம்பிக்கையில், பூட்டும்போது நான் அடியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. கழற்றிப் பார்த்தால் பசையைக் காணோம். பளபளவென்ற உலோகத்தின் நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"அம்மா, இத யாரு வச்சது?"

"நாந்தான் பாப்பா. நேத்து ராத்திரி எடுத்துப் பாத்தா, அடியில கரியாட்டம் என்னமோ அப்பிக்கினு இருந்துச்சி. பழசத் தலையில கட்டிட்டான்னு நல்லா தேச்சித் தொடச்சிட்டேன். புதுச் சாமானு, பொட்டு வைக்காம எப்பிடி பூட்டறது?"

கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அம்மா விழித்தார். நைனாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதி போனேன். கடைக்காரர் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்து, வெள்ளைப் பசை ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார். "ஈசாரி பொட்டு பைன பெட்டண்டம்மா" என்றார். இந்தத் தடவை பொட்டைப் பெட்டிக்கு மேலே வையுங்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து, குங்குமத்தைத் துடைத்து, வெள்ளைப் பசையை நேராக ஒரு கோடு இழுத்துப் பூட்டினேன். பிறகு எத்தனை மணி நேரம் ஓடினாலும் அது அணையவில்லை. உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "அவன் நாமம் போடல சித்தப்பா. நாமம் இல்லாததுதான் கோளாறு. இப்ப நானே போட்டுட்டேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியமே வேலையை அனுப்பினேன். அடுத்த வாரம், வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். பொட்டு வைத்த கைராசிதான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் மறுப்பதில்லை.

போகிறவர்களைத்தான் எல்லாரும் துணிச்சல்காரர்கள் என்கிறார்கள். 'நான் போகவில்லை' என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே ஜெயித்துக் காட்டவும் துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது அந்த வாரத்தில்தான்.