கழுவிய ஓடுகள்

கடல் உள்வாங்கி நீர் வற்றியதும் ராஜமாணிக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார். மரச்சட்டத்தில் அடுக்கியிருக்கும் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக உருவிப் புறங்கையால் தடவுவார். உள்ளங்கை படாது. "துடுப்புப் போட்டே உள்ளங்கை மரத்துப்போச்சு சார். புறங்கைதான் பொய் சொல்லாது."

பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் எஞ்சின் நின்றுபோன லாஞ்சிலிருந்து இறங்கிய சிவஞானம் அவரை முதலில் கண்டது இந்தக் கோலத்தில்தான். மீன்துறைக்கு அவன் புதிது. விலங்கியல் படித்தவன், அவன் ஊருக்கே முதல் பட்டதாரி.

அந்த உப்பங்கழியில் சிப்பி வளர்த்துப் பார்க்க மீன்துறை வைத்திருந்த ஒரே ஆள் ராஜமாணிக்கம். கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு கொட்டகை, கரையில் ஒரு டிங்கிப் படகு. மாதம் ஒருமுறை சேக் தாவூத் லாஞ்சில் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுவருவார். மற்ற நாளில் எப்போதாவது விறகுக்கு வரும் ராஞ்சிக் கூலியாட்களோடு நாலு வார்த்தை இந்தி. அதுவும் இல்லாதபோது ஓடுகளோடு பேச்சு. "ஏழாம் நம்பர் சோம்பேறி சார். எட்டாம் நம்பர் அச்சா, சொன்னபடி கேக்கும்."

புது ஓட்டில் சிப்பிக் குஞ்சு உட்காராது. இரண்டு வாரம் கடலில் ஊறினால் அதன்மேல் மெல்லிய வழும்பு படரும். நீரில் அலையும் குஞ்சு அதைத் தொட்டுப் பார்த்துத்தான் இறங்கி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூடிக் கசியவிடும் பசை அது என்று சிவஞானம் விளக்கினான்.

"படிச்சவங்க சொன்னா சரிதான் சார். நான் பாய் விரிச்சு வெச்சிருக்குன்னு சொல்லுவேன்."

ஒருதரம் சேக் தாவூத் விளையாட்டாக ஓர் ஓட்டைத் தேய்த்துவிட்டார். அடுத்த இரண்டு நடைக்கு ராஜமாணிக்கம் அவரோடு பேசவில்லை. தமிழில் பேச வேறு ஆளே இல்லாதவர்!

எஞ்சின் சரியானது. "தை மாசம் பெரிய ஆபீசரோட வருவேன் அண்ணே," என்றான் சிவஞானம். "இந்தப் பருவம் குஞ்சு ஒட்டுனாத்தான் சோதனை நடக்கும். இல்லாட்டி மூடிருவாங்க."

"வாங்க சார், வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

தையில் வந்தார்கள். கொட்டகை வாசலில் சாணி கிடைக்காமல் செம்மண் கரைத்து மெழுகியிருந்தது. ராஜமாணிக்கம் பெட்டி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். சட்டத்தில் இருநூறு ஓடும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சூளையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோலச் சிவந்திருந்தன.

"பஹுத் அச்சா, ரொம்ப நீட்!" என்றார் அதிகாரி.

சிவஞானம் ஓர் ஓட்டில் புறங்கையை வைத்தான். சொரசொரவென்றது. அதிகாரி நகர்ந்ததும், "என்னண்ணே இது? குஞ்சு வர்ற வாரமாச்சே!" என்றான்.

"தெரியும் சார். பாதி தேய்க்கும்போதே கை சொல்லிருச்சு." ராஜமாணிக்கம் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார். "ரெண்டு வருஷமா விருந்துன்னு வாசலுக்கு வந்த ஆளு கிடையாது. வீட்டுக்கு ஆளு வர்றப்ப, அப்பிடியே போட்டுவெக்க முடியுமா?"

சாப்பாட்டில் அதிகாரி இரண்டாம் தடவை குழம்பு கேட்டார். ராஜமாணிக்கம் சட்டியையே தூக்கிவந்து ஊற்றினார், முகமெல்லாம் சிரிப்பு.

மறுபடி வழும்பு படர்வதற்குள் பருவம் போய்விட்டது. ஒரு குஞ்சும் உட்காரவில்லை. மாசிக் கடைசியில் சோதனையை மூடி ஓடுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ராஜமாணிக்கம் இப்போது சாத்தம் படகுத்துறையில் இருக்கிறார். எதிர்க்கரை பாம்பூஃபிளாட்டிலிருந்து படகு வரும்போது கயிறு வாங்கிக் கட்டும் வேலை. நாள் முழுக்க ஆள் நடமாட்டம், காது நிறையத் தமிழ். "மாணிக்கண்ணே, இங்க படியையும் தேய்ச்சு வெச்சிராதீங்க, ஜனம் வழுக்காம நடந்துரும்!" என்று சேக் தாவூத் லாஞ்சிலிருந்தே கத்துவார். இவர் சும்மா தலையாட்டுவார்.

படகு போய், நீரும் வற்றிய நேரத்தில், கடைசிப் படியில் குந்துகிறார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, துறையைத் தாங்கும் வழும்பேறிய மரத்தூணில் புறங்கையை வைக்கிறார். அடுத்த படகின் ஊதல் கேட்டும் கையை எடுக்கவில்லை.